மோட்டார் வைத்த ரெகம்பென்ட் சைக்கிளை வீட்டிலேயே கட்டுவது: தினமும் 14 கி.மீ. ஆபீஸ் போக எந்த அமைப்பு சரி?

பள்ளிக்கரணை_பெடல் (கேள்வி)

வணக்கம். மேடவாக்கத்தில் வீடு, கிண்டி எஸ்டேட்டில் வேலை. வேளச்சேரி வழியாகப் போனால் ஒரு வழிக்கு 14 கி.மீ. சாதாரண சைக்கிளில் மணிக்கட்டும் கழுத்தும் வலி எடுப்பதால், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரெகம்பென்ட் ஒன்றைக் கட்டி, அதில் சின்ன மோட்டாரும் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். இறக்குமதி வண்டி விலை கட்டுப்படியாகாது.

கையில் இருப்பது: 26 அங்குல கியர் சைக்கிள் (ஸ்டீல் பிரேம்) ஒன்று, 20 அங்குலப் பசங்க சைக்கிள் இரண்டு, 36 வோல்ட் 250 வாட் கியர் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார்) கிட் (26 அங்குலச் சக்கரத்துக்கானது), 10எஸ்4பி (பத்து செல் தொடராக, நான்கு வரிசை இணையாக) லித்தியம் பேட்டரி 10.4 ஆம்பியர்-மணி.

யோசித்து வைத்திருப்பது: குட்டை வீல்பேஸ் (இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையிலான தூரம்), பெடல் முன் சக்கரத்துக்கும் முன்னால், சீட் உயரம் 40 செ.மீ., இரண்டு பக்கமும் 20 அங்குலச் சக்கரம், மெயின் ட்யூப் 40×40×2 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), மோட்டார் முன் சக்கரத்தில். என் உயரம் 170 செ.மீ., எடை 75 கிலோ.

கேள்விகள்: ட்யூப் தாங்குமா? முன் சக்கரத்தில் மோட்டார் சரியா? இவ்வளவு நீளச் செயினை எப்படிக் கொண்டு போவது? லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் பிரச்சினை வருமா?

---

சாய்மானம்

மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் வடிவத்தைப் பேசுவோம். நீங்கள் வரைந்திருப்பது வேகத்துக்கான வண்டி. வேளச்சேரி டிராஃபிக்கில் அது பொருந்தாது. 40 செ.மீ. சீட்டில் நன்றாகச் சாய்ந்தால் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் மட்டுமே தெரியும், பஸ் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பெடல் சீட்டை விட உயரத்தில் இருப்பதால் சிக்னலுக்குச் சிக்னல் காலைத் தூக்கி வைத்துக் கிளம்ப வேண்டும். பழகிவிடலாம்தான், ஆனால் 14 கி.மீ.யில் எத்தனை முறை நிற்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆபீஸ் போக நீள வீல்பேஸ்தான் வசதி. முன்னால் 20 அங்குலம், பின்னால் 26 அங்குலம், பெடல் முன் சக்கரத்துக்குப் பின்னால். சீட் உயரம் 55 செ.மீ., முதுகுச் சாய்வு தரையிலிருந்து 55 டிகிரி. கண் மட்டம் 1.25 மீட்டருக்கு வந்துவிடும், கார் ஓட்டுநரோடு கண்ணுக்குக் கண் பார்க்கலாம். பெடல் சீட்டை விடத் தாழ்வாக இருப்பதால் நின்றதும் கால் தானாகத் தரைக்கு வரும்.

உங்கள் உயரத்துக்குத் தோராய அளவு இப்படி. பின் ஆக்ஸிலை பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். சீட்டும் முதுகுப் பலகையும் சேரும் இடம் 40 செ.மீ., பெடல் மையம் 125 செ.மீ., முன் ஆக்ஸில் 165 முதல் 170 செ.மீ. பெடல் மையத்தின் உயரம் தரையிலிருந்து 48 செ.மீ. இதில் உடம்புக்குத் தகுந்தபடி மாறுவது சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மட்டும்தான். சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை அளந்து பாருங்கள். அதிலிருந்து கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) நீளத்தைக் கழித்தால் முதுகுப் பலகையிலிருந்து பெடல் மையத்துக்கான தூரம் கிடைத்துவிடும். 103 செ.மீ. வந்தால், 17 செ.மீ. கிராங்குக்கு 86. பெடல் பக்கத்தை நீட்டிச் சுருக்கும்படி செய்து தலைவலியை வாங்க வேண்டாம். சீட்டை மெயின் ட்யூபில் 8 செ.மீ. முன்பின் நகர்த்தும்படி கிளாம்ப் போட்டால் போதும்.

முன் சக்கரத்தைத் திருப்பும்போது அதன் பின்விளிம்பு ஷூவின் நுனியில் இடிக்கும் வாய்ப்பு உண்டு. வெல்டிங்குக்கு முன்பே அட்டையில் சக்கரம் வெட்டிச் சரிபாருங்கள். பசங்க சைக்கிளில் 152 மி.மீ. கிராங்க் இருந்தால் அதையே போடுங்கள். இடிப்பது குறையும், முட்டிக்கும் நல்லது.

ஸ்டியரிங் கோணம்தான் பலரும் கோட்டை விடும் இடம். பார்க்க ஸ்டைலாக இருக்கிறதென்று ஃபோர்க்கைப் படுக்க வைத்துவிடுவார்கள். 20×1.75 டயரின் ஆரம் 241 மி.மீ., பசங்க சைக்கிள் ஃபோர்க்கின் முன்வளைவு 40 மி.மீ. என்று வைத்தால், ஹெட் ட்யூப் (ஃபோர்க் நுழையும் குழாய்) 70 டிகிரியில் டிரெயில் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 45 மி.மீ. வரும். அதே ஃபோர்க்கை 60 டிகிரியில் சாய்த்தால் டிரெயில் 93 மி.மீ. ஆகிவிடும். மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் விழும். யு-டர்ன் அடிக்கும்போது கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 60 டிகிரிதான் வேண்டுமென்றால் முன்வளைவு 80 மி.மீ. உள்ள ஃபோர்க் வேண்டும். அது கடையில் கிடைக்காது, எனவே 70 டிகிரியிலேயே நில்லுங்கள்.

சீட்டுக்கு ஒரு யோசனை. பிளைவுட்டும் ஃபோமும் வைத்தால் நம்மூர் வெயிலில் ஆபீஸ் போய்ச் சேரும்போது முதுகு முழுக்க நனைந்திருக்கும். ஓர் அங்குல ரவுண்டு ட்யூபில் சட்டம் வளைத்து, கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவை இழுத்துப் பின்னிவிடுங்கள். காற்றும் போகும், குழியில் இறங்கும் அதிர்ச்சியையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இந்த வண்டியில் சாதாரண சைக்கிள் மாதிரி எழுந்து நின்று குழியைத் தாண்ட முடியாது. ஒவ்வோர் அடியும் நேராக முதுகெலும்புக்குத்தான் வரும். அதனால்தான் டயரும் தடிமனாக வேண்டும் என்கிறேன்: முன்னால் 1.75-க்குக் குறையாமல், பின்னால் 1.95.

இன்னொன்று, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்ற ஆசையில் கட்ட வேண்டாம். 25 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்காரும் சைக்கிளுக்குக் காற்றெதிர்ப்பே 105 வாட் அளவுக்குத் தின்னும், இந்த வடிவத்துக்கு 75 வாட் பக்கம். மிச்சம் 30 வாட்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பக்கம் எதிர்காற்று அடிக்கும் நாளில் அந்த வித்தியாசம் தெரியும். மற்றபடி இதில் கிடைப்பது சுகமான உட்காரும் வாகு.

---

லேத்பட்டறை_கோவை

ஜிஐ ட்யூப் வேண்டவே வேண்டாமுங்க. வெல்டு வைக்கிறப்ப துத்தநாகம் வெள்ளைப் புகையா கிளம்பும். அதை மூச்சில இழுத்தா ராத்திரி குளிர்க் காய்ச்சல் வரும், வெல்டுக்குள்ளயும் பொத்தல் பொத்தலா காத்துக் குமிழி நிக்கும். சாதா கறுப்பு எம்எஸ் (பூச்சில்லாத மென் இரும்பு) ட்யூப் வாங்குங்க.

சைஸும் மாத்துங்க. 40×40×2 மீட்டருக்கு 2.4 கிலோ. 50×50×1.6-ம் அதே 2.4 கிலோதான். ஆனா வளைவைத் தாங்கற விறைப்பு 65 சதவீதம் கூட. சுவர் தடிமனைக் கூட்டறதை விட ட்யூபை அகலமாக்கறதுதான் எப்பவுமே லாபம்.

தாங்குமான்னு கேட்டீங்க இல்ல, கணக்கே போட்டுடலாம். வீல்பேஸ் 168 செ.மீ., ஆளோட எடை மையம் பின் ஆக்ஸில்ல இருந்து 60 செ.மீ., ஆளும் பையும் சேர்ந்து 80 கிலோ. சீட்டுக்கு அடியில வளைவு விசை 303 நியூட்டன்-மீட்டர் வருது. 50×50×1.6-ல அது 63 மெகாபாஸ்கல் அழுத்தம். குழியில விழறப்ப மூணு மடங்குன்னு எடுத்தா 190. சாதா ட்யூப் 210-ல வளைய ஆரம்பிக்கும், அதுக்குள்ள நிக்குது. 40×40×2-ல இதே கணக்கு 250 காட்டும். 40×40×1.6-ல 300. அதெல்லாம் நாலு மாசத்துல நடுவுல தொங்கிடும்.

இதுல இருந்து ஒரு முக்கியமான விசயம். சீட்டுக்கு அடியில ட்யூபோட கீழ் முகத்துல ஓட்டையும் போடாதீங்க, குறுக்கு வெல்டும் வைக்காதீங்க. இழுவிசை மொத்தமும் அங்கதான். பேட்டரிப் பெட்டிக்கு பிராக்கெட் வேணும்னா பக்கவாட்டுச் சுவர்ல, நடு உயரத்துல வையுங்க. இல்லைன்னா வெல்டே இல்லாம யு-கிளாம்ப்.

வெட்டறது இப்படி. 26 இன்ச் சைக்கிள்ல மேல் ட்யூபையும் கீழ் ட்யூபையும் சீட் ட்யூபுக்கு ஒரு விரல் முன்னால அறுத்துடுங்க. பின் முக்கோணம், சீட் ட்யூப், பிபி ஷெல் (பெடல் அச்சு உட்கார்ற கூடு) மூணும் அப்படியே இருக்கட்டும், அந்தப் பழைய பிபி ஷெல்லுக்கு வேலை இருக்கு. ஒரு பசங்க சைக்கிள்ல ஹெட் ட்யூபும் ஃபோர்க்கும் எடுங்க. முன்னால பெடலுக்கு இன்னொண்ணுல இருந்து பிபி ஷெல். எடுக்கறப்பவே செயின் பக்கம் எதுன்னு மார்க்கர்ல எழுதி வையுங்க. செயின் பக்கத்துக் கப்பு (ஷெல்லுக்குள்ள திருகற பேரிங் கிண்ணம்) இடது மரை. ஷெல்லைத் திருப்பிப் போட்டு வெல்டு வச்சுட்டா, பெடல் மிதிக்க மிதிக்க கப்பு தானா கழண்டு வந்துட்டே இருக்கும். எத்தனை இறுக்கினாலும் நிக்காது.

பிபி ஷெல்லுக்கு வெல்டு வைக்கிறப்ப பழைய கப்பு ரெண்டையும் உள்ள மாட்டியே வையுங்க. இல்லைன்னா சூட்டுல ஷெல் முட்டை வடிவம் ஆகி மரை ஏறாது.

1.6 மி.மீ. சுவருக்கு சிஓ2 மிக் வெல்டிங்தான் நல்லது. பக்கத்துல ஆர்க் மட்டும்தான்னா 2.5 மி.மீ. 6013 ராடு, 65-70 ஆம்பியர். கை வேகமா போகணும். எல்லா ஜாயின்ட்டையும் முதல்ல புள்ளி வெல்டு மட்டும் வச்சு நிறுத்துங்க. ஹெட் ட்யூப் நடுவுல இருந்து பின் டிராப்அவுட் (ஆக்ஸில் உட்கார்ற வெட்டு) வரைக்கும் நூல் கட்டிப் பாருங்க. ரெண்டு சக்கரத்தையும் மாட்டி, பின்னால நின்னு ஒத்தைக் கண்ணால பாருங்க. சரியா நின்னா, மேல ஒரு அங்குலம் வச்சா எதிர்ப் பக்கம் ஒரு அங்குலம்னு மாத்தி மாத்தி முழு வெல்டு. ஒரே பக்கமா இழுத்துட்டுப் போனா ட்யூப் அந்தப் பக்கமே வளைஞ்சுடும், அப்புறம் வண்டி சாகற வரைக்கும் ஒரு பக்கம் இழுக்கும்.

---

வோல்ட்மீட்டர்

மின்சாரப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மோட்டாரை முன் சக்கரத்தில் வைக்க வேண்டாம். சாய்மானம் சொன்ன வடிவத்தில் முன் சக்கரத்தின் மேல் 38-40 கிலோதான் இறங்கும். 40 நியூட்டன்-மீட்டர் முறுக்கை 20 அங்குலச் சக்கரத்தில் கொடுத்தால் தரையில் 166 நியூட்டன் தள்ளு. அதைப் பிடித்துக்கொள்ள டயருக்கு 0.45 உராய்வு தேவை. ரோட்டோர மணலிலும் மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டிலும் அது கிடைக்காது. சக்கரம் சறுக்கிச் சுற்றும். ஸ்டியரிங்கும் அதே சக்கரம் என்பதால் விழுவது உறுதி. பின்னால் 26 அங்குலத்தில் வைத்தால் தள்ளு 121 நியூட்டன், மேலே 70 கிலோ, 0.18 உராய்வே போதும்.

வேகக் கணக்கும் அப்படித்தான். 26 அங்குலத்துக்கான மோட்டார் 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். அதையே 20 அங்குலத்தில் போட்டால் 18 கி.மீ.யோடு நின்றுவிடும். உங்கள் கிட் முன் ஹப்பா பின் ஹப்பா என்று சொல்லவில்லை. ஆக்ஸிலில் இரண்டு நட்டுக்கும் இடையிலான அகலம் 100 மி.மீ. என்றால் முன் ஹப், 135 என்றால் பின் ஹப். முன் ஹப்பாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பின் பல்சக்கரம்) ஏறாது. பின் டிராப்அவுட் 130 ஆக இருந்தால் ஸ்டீல் பிரேம்தானே, இரண்டு பக்கமும் சமமாக நெம்பி 135 ஆக்கலாம்.

டார்க் ஆர்ம் (ஆக்ஸில் சுற்றாமல் பிடிக்கும் தகடு) கட்டாயம். ஆக்ஸிலின் தட்டையான முகத்தின் அகலம் 10 மி.மீ. 40 நியூட்டன்-மீட்டரை அந்த 10 மி.மீ.தான் தாங்க வேண்டும். டிராப்அவுட் விளிம்பில் அது ஏறத்தாழ 400 கிலோ விசை. நட்டு சற்றுத் தளர்ந்தாலும் ஆக்ஸில் டிராப்அவுட்டை விரித்துக்கொண்டு சுற்றி, வயரை முறுக்கி அறுத்துவிடும். ஹால் சென்சார் (மோட்டார் சுற்றும் நிலையைச் சொல்லும் சென்சார்) வயரும் பேஸ் வயரும் (மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த வயர்) ஒன்றோடொன்று உரசினால் கன்ட்ரோலரும் சேர்ந்து போகும். 5 மி.மீ. எம்எஸ் தகட்டில், ஆக்ஸிலுக்கு இறுக்கமாகப் பொருந்தும் துளையோடு ஒன்று வெட்டி, மறுமுனையைச் செயின்ஸ்டேயில் (பின் ஆக்ஸிலுக்குப் போகும் கீழ்க் குழாயில்) கிளாம்ப் போடுங்கள். முதல் வாரம் ஓட்டியபின் நட்டை மறுபடி இறுக்குங்கள், எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பேட்டரி 36×10.4, அதாவது 374 வாட்-மணி. பெடலும் மிதித்துக்கொண்டு போனால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி என்று வைக்கலாம், போக வர 280. நான்கில் மூன்று பங்கு தீரும், சரியான அளவுதான். மேம்பாலம் வந்தாலும் பயமில்லை. ஆளும் வண்டியும் 110 கிலோ, நூற்றுக்கு நான்கு ஏற்றம், 12 கி.மீ. வேகம் என்றால் மொத்தம் 180 வாட் பக்கம்தான் வேண்டும். அதில் பாதியை உங்கள் கால் தந்துவிடும்.

பேட்டரியைச் சீட்டுக்குப் பின்னால், கூடிய மட்டும் தாழ்வாக வையுங்கள். வெயிலில் நிறுத்தி உடனே சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் டிசி ஃப்யூஸ். பேட்டரி வயர் 2.5 சதுர மி.மீ. காப்பர்.

பெடல் சென்சார் முன்னால், கன்ட்ரோலர் பின்னால் என்பதால் ஒன்றே கால் மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் வரும். அதை மோட்டாரின் தடித்த மூன்று பேஸ் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மின் குறுக்கீடு ஏறி, பெடல் மிதிக்காமலே மோட்டார் துள்ளும். பெடல் சென்சாரின் காந்தத் தட்டை முன்பின் திருப்பி மாட்டிவிட்டால் முன்னால் மிதிக்கும்போது ஒன்றும் நடக்காது, பின்னால் சுற்றினால்தான் மோட்டார் ஓடும். கன்ட்ரோலர் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் தட்டைத் திருப்பிப் பாருங்கள்.

பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரை விட்டுவிடாதீர்கள். பெடலை நிறுத்திய பிறகும் சென்சார் அரை நொடி மோட்டாரை ஓட விடும். பம்பருக்குப் பின்னால் அந்த அரை நொடி ரொம்ப நீளம்.

---

பள்ளிக்கரணை_பெடல்

மூன்று பேருக்கும் நன்றி. நீள வீல்பேஸுக்கே மாறிவிடுகிறேன். மோட்டாரை அளந்து பார்த்தேன், 135 மி.மீ., பின் ஹப்தான். இன்னும் செயினும் பிரேக்கும் புரியவில்லை. செயின் சீட்டுக்கு அடியில் போகும்போது மெயின் ட்யூபில் உரசாதா? பின் பிரேக் கேபிள் எட்டுமா? லைசென்ஸ் விஷயமும் யாராவது சொல்லுங்கள்.

---

சாய்மானம்

முதலில் நீளம். பெடல் மையத்திலிருந்து பின் ஆக்ஸிலுக்கு 126 செ.மீ. முன்னால் 44 பல், பின்னால் பெரிய பல்லு 28 என்றால், டிரெய்லருக்கும் (பின்னால் செயினைப் பல் மாற்றும் கியர் அமைப்பு) சேர்த்து 3.1 மீட்டர், அதாவது 244 கண்ணி. கடையில் வரும் செயினில் 116 கண்ணி. இரண்டு வாங்கினால் 12 குறையும், மூன்றாவது ஒன்றிலிருந்து வெட்டிச் சேர்க்க வேண்டும். மூன்றும் ஒரே பிராண்டாக இருக்கட்டும். கலந்தால் சேரும் கண்ணி பல்லில் ஏறும்போது டக் டக் என்று அடிக்கும்.

அடுத்தது, எந்தப் பக்கத்தை எப்படி வளைப்பது என்பது. மேல் செயின்தான் இழுவைப் பக்கம். 60 கிலோ அழுத்திப் பெடல் மிதித்தால் 44 பல்லில் செயின் இழுவை 1150 நியூட்டன் போகும். அதை 10 டிகிரி வளைத்தாலே உருளையின் மேல் 200 நியூட்டன் அழுத்தம், 30 டிகிரி வளைத்தால் 600. அதனால் மேல் செயினைக் கூடிய மட்டும் நேராக விடுங்கள், வளைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே இடத்தில், 10 டிகிரிக்குள். அங்கே டிரெய்லர் புல்லி போட்டால் ஒரு மாதம் தாங்காது. லேத்தில் நைலான் ராடில் 70 மி.மீ. விட்டத்துக்கு ஓர் உருளை கடைந்து, 9 மி.மீ. அகலத்தில் காடி வெட்டி, நடுவில் 6200 2ஆர்எஸ் பேரிங் இறுக்கிப் போடுங்கள். 10 மி.மீ. போல்ட் அதில் நேராக உட்காரும். கோவை நண்பர் வேலை இருக்கிறது என்று சொன்ன பழைய பிபி ஷெல் இதற்குத்தான்: அதன் மேல் ஒரு தகடு வைத்து உருளையை மாட்டினால் தனியாக பிராக்கெட் தேவைப்படாது.

கீழ்ச் செயின் சும்மா திரும்பி வரும் பக்கம். அதற்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 16 மி.மீ. கறுப்புக் குழாய் போதும், உரக்கடையிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும். கியர் செயின் தாராளமாக உள்ளே ஓடும். சிங்கிள் ஸ்பீடு தடிச் செயின் உரசும், அதைப் போடாதீர்கள். குழாயின் இரண்டு முனையையும் மெழுகுவத்தியில் இளக்கி, கூம்பு மாதிரி ஏதாவதில் அழுத்தி வாயை விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கண்ணியும் விளிம்பில் தட்டி, வாய் பிய்ந்துபோகும். குழாயை ஒரு முனையில் மட்டும் கட்டுங்கள். இரண்டு முனையும் கட்டினால் கியர் மாற்றும்போது செயின் பக்கவாட்டில் நகர வழியில்லாமல் குழாயை அறுக்கும்.

அடர்த்தியான கிரீஸ், எஞ்சின் ஆயில் எதுவும் கூடாது. குழாய்க்குள் மண் சேர்ந்து அரம் போல ராவும். மெழுகு அல்லது மெல்லிய ஆயில், அதையும் துடைத்துவிட்டு.

---

ஜி_பி_ரோடு

பிரேக் பற்றி. சைக்கிள் கடைக் கேபிள் உள்கம்பி 1.7 மீட்டர் பக்கம் இருக்கும். இந்த வண்டியில் பின் பிரேக்குக்கு 2 மீட்டருக்கு மேல் போகும். இரண்டு கம்பியை முடிச்சுப் போட்டு நீட்டும் வேலை வேண்டவே வேண்டாம். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ பைக் கேபிள் செய்து தரும் கடைகளில் நீளமும் லீவரும் கொண்டு போய்க் காட்டினால் நிப்பிள் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். அவுட்டரைக் கூடிய மட்டும் நேராகப் போடுங்கள், ஒவ்வொரு வளைவும் பிரேக்கைப் பஞ்சு மாதிரி ஆக்கும்.

சாதாரண சைக்கிளில் முன் பிரேக்தான் ராஜா. இதில் அப்படி இல்லை. ஓடும்போது முன் சக்கரத்தில் 36 சதவீத எடை, நன்றாகப் பிடித்தால் 57 சதவீதத்துக்குப் போகும். மீதி பின்னாலேயே இருக்கிறது. எனவே இரண்டு பிரேக்கும் சமமான தரத்தில் வேண்டும், இரண்டையும் சேர்த்தே பிடிக்கவும் பழக வேண்டும். பல்டி அடிக்காது, அது லாபம். ஈர ரோட்டில் முன் பிரேக்கை மட்டும் கவ்வினால் முன் சக்கரம் வழுக்கும், அது நஷ்டம்.

கண்ணாடி இரண்டு பக்கமும். சாய்ந்து உட்கார்ந்தபடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் 1.8 மீட்டர் உயரத்துக்கு ஃபைபர் கம்பியில் கொடி, விளக்கு சீட்டின் மேல் முனையில்.

---

வோல்ட்மீட்டர்

சட்டம் சுருக்கமாக: மத்திய மோட்டார் வாகன விதி 2(யு)-வின்படி மோட்டாரின் 30 நிமிட சக்தி (அரை மணி நேரம் தொடர்ந்து தரும் சக்தி) 250 வாட்டுக்குக் கீழ், உச்ச வேகம் 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், தகுந்த பிரேக், முன்னும் பின்னும் ஒளி திருப்பும் பட்டை. இவற்றுக்குள் அடங்கும் பேட்டரி வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. பெடல் உதவி வகையில் 25 கி.மீ.யை எட்டும்போதோ பெடலை நிறுத்தும்போதோ மோட்டார் விலகிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரில் வேக எல்லையை 25-க்குள் பூட்டி வையுங்கள், மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் வாட் எண்ணை அழித்துவிடாதீர்கள். அதே மோட்டாரில் 48 வோல்ட் கொடுத்து 35 ஓட்டும் வித்தையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த அன்றே அது லைசென்ஸ் கேட்கும் வண்டி.

பெட்ரோல் கிட் யோசிப்பவர்களுக்கும் ஒரு வரி: மோட்டார் வாகனச் சட்டம் நான்குக்குக் குறைவான சக்கரமுள்ள வண்டிக்கு 25 சிசி வரைதான் விலக்குத் தருகிறது. சந்தையில் சைக்கிளுக்கென்று விற்கும் 49, 80 சிசி கிட் எதுவும் அதற்குள் வராது.

மழைக்காலத்துக்கு: மோட்டார் வயர் ஆக்ஸிலுக்குள் நுழையுமுன் ஒரு வளையம் கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். நேராக இறங்கி நுழைந்தால் வயர் வழியாகவே ஹப்புக்குள் போகும். கன்ட்ரோலரின் வயர்கள் வெளிவரும் முகம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். வேளச்சேரியில் தண்ணீர் தேங்கி ஆக்ஸில் உயரமான 33 செ.மீ.யைத் தொட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டும் போகாதீர்கள், திரும்பிவிடுங்கள். ஹப் மூழ்கிவிட்டால் மூடியைக் கழற்றிக் காயவைத்து, பேரிங்குக்கும் உள்ளே இருக்கும் நைலான் கியருக்கும் புது கிரீஸ் வைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

---

ஜூரோங்_மிதிவண்டி

சிங்கப்பூரிலிருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இங்கே மின்விசை மிதிவண்டி 20 கிலோவுக்குள், இஎன் 15194 என்ற ஐரோப்பியத் தரத்தில், எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) முத்திரையோடு இருக்க வேண்டும், பதிவு எண்ணும் வேண்டும். த்ராட்டில் கூடாது. வீட்டில் கட்டிய வண்டிக்கு அந்த முத்திரை கிடைக்காது. மோட்டார் இல்லாமல் கட்டுங்கள்.

---

லேத்பட்டறை_கோவை

கடைசியா ஒண்ணு சொல்லிடறேனுங்க. வெல்டு முடிஞ்ச கையோட பெயின்ட் அடிச்சுடாதீங்க. ரெட் ஆக்சைடு மட்டும் ஒரு கோட் அடிச்சு, மோட்டார் இல்லாம ஒரு 150 கி.மீ. ஓட்டுங்க. வேகத்தடை, குழி எல்லாத்துலயும் ஏத்தி இறக்குங்க. அப்புறம் ஹெட் ட்யூப் ஜாயின்ட்டு, சீட் ட்யூப் ஜாயின்ட்டு, முன் பிபி மூணு இடத்துலயும் ஆக்சைடைச் சுரண்டிட்டு மண்ணெண்ணெய் தடவி ஊற விடுங்க. பத்து நிமிசம் கழிச்சு நல்லா துடைச்சுட்டு, மேல சாக்பீஸ் பொடி தேய்ங்க. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் பொடியில ஈரக் கோடா ஏறி வரும், தலைமுடி தடிமன் இருந்தாலும் தெரியும்.

கோடு தெரிஞ்சா அது மேலயே இன்னொரு வெல்டு இழுக்காதீங்க, விரிசல் அடியில அப்படியே இருந்துட்டு மறுபடி வெளிய வரும். விரிசல் முடியற நுனியில 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்துங்க, கிரைண்டர்ல வி மாதிரி முழுசா தோண்டி எடுத்துட்டு நிரப்புங்க. அப்புறம் பக்கத்துல 3 மி.மீ. தகட்டுல கஸெட் (மூலைக்கு முட்டுக் கொடுக்கற தகடு). கஸெட்டோட முனை சதுரமா நிக்காம மெலிஞ்சு முடியணும். சதுரமா விட்டா அடுத்த விரிசல் சரியா அந்த மூலையில கிளம்பும்.